குறி பார்த்தல்

எங்கள் வங்கிக் கிளையின் வாசலில் மர ஸ்டூல் ஒன்று இருக்கிறது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற காவலர் ஒருவர் இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் சார்த்திக்கொண்டு அதில் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு போர் என்பார்கள். குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக்குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, அதனால் அந்தப் பெயர். மாற்றலாகி மீன்சுருட்டிக்கு வந்த முதல் இரண்டு வருஷமும் அந்தத் துப்பாக்கியை நான் சுவர்க் கடிகாரத்தைப் போலத்தான் பார்த்துவந்தேன். அது அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு நாள் நரிக்குறவர் ஒருவர் பாஸ்புத்தகத்தில் வரவு வைக்க வந்தார். ஐம்பது வயதிருக்கும். வரிசையில் நிற்காமல் வாசலிலேயே நின்று காவலரின் துப்பாக்கியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசையாகவோ பயமாகவோ பார்க்கவில்லை. மாட்டுத் தரகர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன் மாட்டைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு கேட்டார்: "சாமீ, இத்த எப்பவாச்சும் சுட்டுப் பாத்திருக்கீங்களா?"

காவலர் சிரித்தார். பட்டாளத்தில் வேறு துப்பாக்கி என்றார். இதைச் சுட்டதில்லை, சுடும்படியான காரியம் எதுவும் நேரவில்லை, கடவுள் புண்ணியம்.

"அப்ப இது எங்க போயி அடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது" என்றார் வந்தவர். அதில் குத்தல் ஏதும் இல்லை. ஒரு தகவலைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த வாக்கியம். அதைக் கேட்டபோது எனக்குக் காவலரின் துப்பாக்கி நினைவுக்கு வரவில்லை. ஐந்தாறு வருஷம் முன்பு இதைப்போன்ற ஒரு சிறுபத்திரிகையில் நான் எழுதிய கட்டுரைதான் வந்தது. நண்பர்கள் சிலர் அதை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். நரிக்குறவனை 'குறிஞ்சித் திணையின் கடைசி மனிதன்' என்று அதில் எழுதியிருந்தேன். பாராட்டி நாலைந்து கடிதங்கள் வந்தன. அது எங்கே போய் அடித்தது என்று நான் பார்க்கவில்லை.

தமிழில் குறி என்பது வசதியான சொல். வேடன் குறி பார்க்கிறான், குறத்தி குறி சொல்கிறாள், அகப்பாடலில் காதலர் சந்திக்கும் இடமும் குறிதான், பகற்குறி, இரவுக்குறி என்று. இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு குறவன், குறிஞ்சி, குறவஞ்சி, நரிக்குறவன் என்று ஒரே மூச்சில் ஒரு வம்சாவளி எழுதிவிடலாம். எழுதினேன். சொற்களின் ஒலி ஒற்றுமை சரித்திரமாகிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே ரொம்பப் பழையது. நம்முடைய தமிழாராய்ச்சியில் பாதி இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது.

திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குற்றாலக் குறவஞ்சியை எழுதியபோது சிங்கனுக்குக் கொடுத்தது வலையும் கண்ணியும். சிங்கன் தமிழ் பேசும் குறவன். இன்று ஊசிமணி பாசிமணி விற்றுக்கொண்டு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. அது குஜராத்தியோடு உறவுடைய இந்தோ-ஆரிய மொழி. தங்களை வாக்ரி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் என்பன நாம் வெளியிலிருந்து ஒட்டிய சீட்டுகள். இது ஒன்றும் ரகசியமல்ல. ஜி. சீனிவாச வர்மா வாக்ரிபோலியைப் பற்றி எழுதிய இலக்கண ஆய்வை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970லேயே வெளியிட்டுவிட்டது. மீன்சுருட்டி நாற்சந்தியில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் சிதம்பரத்தில் இறங்கலாம். அவ்வளவு தூரம்தான். நான் இறங்கவில்லை. எனக்குக் குறிஞ்சித் திணை கைவசம் இருந்தது.

இதில் நான் மட்டும் குற்றவாளியல்ல என்பது ஓர் அற்ப ஆறுதல். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909ல் ஏழு தொகுதி வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், குருவிக்காரர்களை மராத்தி பேசுபவர்கள் என்று பதிவு செய்தார். தஞ்சையில் மராத்தியர் ஆண்டார்கள், இவர்களும் வடக்கிலிருந்து வந்தவர்கள், ஆகவே மராத்தி. மனிதர் அளவுகோல் வைத்து மூக்கை அளந்தவர், ஆனால் காது கொடுத்துக் கேட்கவில்லை. 1968ல் 'ஒளிவிளக்கு' வந்தபோது எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேஷத்தில் ஆடினார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டுவிழா ஒவ்வொன்றிலும் அந்த உடை உண்டு. தர்ஸ்டனின் தொகுதிகளுக்கும் ஆண்டுவிழா மேடைக்கும் நடுவில்தான் என் கட்டுரை இருந்தது என்று இப்போது படுகிறது. நான் மேற்கோள்களைச் சரியாகப் போட்டிருந்தேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

கவிராயருக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவருடைய சிங்கன் பறவைகளைப் பிடிப்பதில் சமர்த்தனல்ல. மனம் சிங்கியின்மேல் இருக்கிறது, பறவைகள் தப்பிப் போய்விடுகின்றன. வேட்டை பெரும்பாலும் தவறிப்போகும் காரியம் என்பது கவிராயருக்குத் தெரிந்திருந்தது.

துப்பாக்கிக்கு வருகிறேன்.

ரைஃபிள் ஒரு குண்டை ஒரு புள்ளிக்கு அனுப்புகிறது. அணிலுக்கும் காடைக்கும் புறாவுக்கும் எடுக்கும் துப்பாக்கி அப்படியல்ல. அதன் குழல் உள்ளே வழவழப்பானது. நூறு, இருநூறு ரவைகளை ஒரு கைப்பிடியாக அள்ளி எறிகிறது. ரவைகள் போகப்போக விரிகின்றன. ஆகவே அதற்குப் புள்ளி கிடையாது, வட்டம்தான் உண்டு. வட்டம் எங்கே விழுகிறது, அதற்குள் எத்தனை ரவை, அவை எப்படிப் பரவியிருக்கின்றன என்ற மூன்றையும் தெரிந்துகொள்ள ஒரே வழி பெரிய தாளைக் கட்டிச் சுட்டுப் பார்த்து ஓட்டைகளை எண்ணுவதுதான். இங்கிலாந்தில் இதற்குக் கணக்கே ஏற்பட்டுவிட்டது. 40 கஜம் தள்ளித் தாள், அதில் 30 அங்குல விட்டத்தில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நூற்றுக்கு எத்தனை ரவை. குழலின் வாயை மிகச் சிறிதளவு, ஓர் அங்குலத்தில் 1000ல் 40 பங்கு வரை, குறுக்கினால் ரவைகள் விலகாமல் போகும். இதைச் 'சோக்' என்கிறார்கள். யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் தகராறு உண்டு. பர்மிங்ஹாமில் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1874ல் இதைச் செம்மைப்படுத்தினார். அடுத்த வருஷம் லண்டனில் நடந்த பகிரங்கப் பரீட்சையில் பழைய குழல்கள் தோற்றன. குறுக்காத குழல் 40 கஜத்தில் வட்டத்துக்குள் நூற்றுக்கு 40 ரவை போடும், நன்றாகக் குறுக்கியது 70 போடும்.

நம்முடைய நாட்டுத்துப்பாக்கிக்குச் சோக் கிடையாது. வாய் வழியாகவே கரிமருந்து போட்டு, தேங்காய் நாரோ கந்தலோ வைத்துக் கம்பியால் இடித்து, ரவை போட்டு, மறுபடி நார் வைத்து இடித்து, பின்புறம் முலைபோல் இருக்கும் துளையில் கேப்பைச் செருகிக் குதிரையை விடுவது. கரிமருந்தின் ஒழுங்கான விகிதம் 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். கரிக்கு எருக்கங்குச்சி உசத்தி. மருந்து கூடினால் அடி பலமாக இருக்கும் என்று நாம் நினைப்போம். நேர்மாறு. மருந்து கூடினால் வாயு நாரைத் தள்ளிக்கொண்டு ரவைக்குள்ளேயே புகுந்துவிடும். வட்டம் சிதறி நடுவில் வெறும் தாள் நிற்கும். சத்தம் பெரிதாகக் கேட்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. (நம் பத்திரிகைகளில் வரும் சில விமர்சனங்களைப் பற்றி இங்கே சொல்ல ஆசைதான். விட்டுவிடுகிறேன்.)

இன்னொன்று. ரைஃபிளுக்கு முன்குறி, பின்குறி இரண்டும் உண்டு. ரவைத் துப்பாக்கிக்கு நுனியில் ஒரு சிறு மணி மட்டும்தான், பின்குறி சுடுபவனின் கண். கட்டையில் கன்னம் எங்கே பதிகிறதோ அதைப் பொறுத்துக் கண் ஏறும், இறங்கும். கண் ஏறினால் அடியும் ஏறும். ஆகவே ஒருவன் கன்னத்துக்குச் செதுக்கிய கட்டை இன்னொருவன் கையில் மேலேயோ பக்கத்திலேயோ அடிக்கும். தகப்பன் துப்பாக்கி மகனுக்கு வந்தால் மகன் கட்டையைச் செதுக்குவான், அல்லது துணி சுற்றி உயர்த்துவான். பிறகு தாள் கட்டிச் சுட்டுப் பார்ப்பான். இதையெல்லாம் எனக்குச் சொன்னது கிரீனரல்ல, பாஸ்புத்தகத்தோடு வந்தவர். கிரீனர் எழுதியதைப் பிறகுதான் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போயின.

அவருடைய துப்பாக்கி தகப்பனாருடையது. 'அப்பாரு காலத்துல' என்றுதான் எல்லாவற்றையும் ஆரம்பிக்கிறார். அப்பாரு காலத்தில் ஜெயங்கொண்டம் சுற்றுவட்டாரத்து முந்திரித் தோப்புக்காரர்களும் கடலை போட்டவர்களும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்களாம். விதைக்கடலையை அணில் தோண்டித் தின்றுவிடும், தென்னங்குரும்பையைக் கடித்துப் போடும். அடித்த அணில் அடித்தவருக்கு, கூலி தனியாகக் கிடையாது. அணிலுக்கு முதுகில் மூன்று கோடு போட்டது ராமன் என்பதும், தொண்டரடிப்பொடியாழ்வார் அணிலைத் திருமாலையில் பாடியிருக்கிறார் என்பதும் தோப்புக்காரருக்குத் தெரியாதவையல்ல. அதனால்தான் அவர் சுடவில்லை, ஆள் விட்டார். எனக்கு ஐந்து வயதில் கக்குவான் வந்து மூச்சுத் திணறியபோது எங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு குறத்தி கொல்லைப்புறமாக வந்து இலையில் சுற்றிய ஏதோ ஒன்றைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அது என்ன என்று எனக்குப் பத்து வயதில்தான் தெரிந்தது. அந்த வீட்டில்தான் தினமும் திருமாலை சேவித்தார்கள். கறி இருமலைக் கேட்குமா என்பது வேறு விஷயம். அது இந்தக் கட்டுரையில் வர வேண்டியதில்லை.

அமெரிக்காவில் அணில் வேட்டைக்குப் பெரிய மரியாதை உண்டு. அங்குள்ள சாம்பல் அணில் அரைக் கிலோ வரை வரும், நம் அணிலைப்போல நாலைந்து மடங்கு. 1862 செப்டம்பரில் தென்னாட்டுப் படை சின்சினாட்டி நகரை நெருங்கியபோது ஒஹையோ கவர்னர் டேவிட் டாட் ஆள் திரட்டினார். சுமார் 15,000 பேர் வீட்டிலிருந்த வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலும் சண்டையே நடக்கவில்லை. ஆனாலும் அவர்களுக்கு 'அணில் வேட்டைக்காரர்கள்' என்று பட்டப்பெயர் நிலைத்தது, அடுத்த வருஷம் மாநிலச் சட்டசபை அச்சடித்த நற்சான்றுப் பத்திரமும் கொடுத்தது. வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கி, தோல் பை, கிழிந்த தொப்பி. இங்கே இதே கோலத்தில் ஒருவர் நாற்சந்தியில் நடந்துபோனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பி.ஏ. ஆங்கிலம் படித்த காலத்தில் ஜிம் கார்பெட்டை விழுந்து விழுந்து படித்தேன். 1953ல் வந்த 'ஜங்கிள் லோர்' நூலில், சிறுவயதில் கிடைத்த இரட்டைக்குழல் நாட்டுத்துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறார். வலது குழல் வெடித்துப் பிளந்தது, கட்டையையும் குழலையும் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. படித்தபோது அது எனக்கு வீரசாகசத்தின் வாசல். இங்குள்ளவருடைய துப்பாக்கியிலும் கட்டையும் குழலும் சேரும் இடத்தில் கம்பி சுற்றியிருக்கிறது. அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் எழுந்த சொல் சாகசம் அல்ல, 'உரிமம் இருக்கிறதா?' என்பதுதான். துர்கனேவ் இன்னொரு வகை. அவருடைய வேட்டைக்காரச் சித்திரங்கள் 1852ல் புத்தகமாக வந்தன. துப்பாக்கி அவருக்கு ஊர் ஊராய் நடக்க ஒரு சாக்கு. பறவையைத் தேடிப் போனவர் பண்ணையடிமைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆனால் அங்கேயும் துப்பாக்கி பிரபுவின் தோளில்தான் இருந்தது.

உரிமத்தின் சரித்திரம் சுவையானது. பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்ட் கிளைவ் தெற்குச் சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பிரகடனம் செய்தார். 1857க்குப் பிறகு பயம் நாடு முழுவதற்கும் பரவியது. 1878ல் லிட்டன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியன் கையில் துப்பாக்கி இருப்பதையே விதிவிலக்காக்கியது. அதே ஆட்சி 1871ல் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று போட்டு, 1911ல் அதைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தது. குறவர் என்ற பெயரில் பல பிரிவினர் அந்தப் பட்டியலில் விழுந்தார்கள். பெயர் ஒற்றுமை என்ன செய்யும் என்பதைக் கவிதை எழுதுகிறவர்கள் இங்கே கவனிக்கலாம். நாம் குறிஞ்சி என்று எழுதும் அதே சொல்லைப் போலீஸ் நிலையப் பதிவேட்டில் வேறு விதமாக எழுதினார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது. அதன் 13ஆவது பிரிவில் ஒரு வாசகம்: 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழலுடைய துப்பாக்கி என்றால் 'பாதுகாப்புக்கு அல்லது விளையாட்டுக்கு', வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கி என்றால் 'உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு'. சீமைத் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு விளையாட்டு உண்டு, நாட்டுத்துப்பாக்கிக்காரனுக்குப் பயிர் மட்டும்தான். வேட்டையாடிச் சாப்பிட்டுப் பிழைக்கும் மனிதன் என்று ஒருவன் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு அனுமதிச் சீட்டோடு வேட்டையாடும் வழியும் அடைந்துபோனது. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். இதே மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999ல் பறவைகள் சரணாலயமாயிற்று, 2024ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே வரும் வரித்தலை வாத்தைப் பார்க்க நானும் பைனாகுலர் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். சொல்வது இவ்வளவுதான்: ராஜாக்களும் ஜமீன்களும் கலெக்டர்களும் ஆசைதீரச் சுட்டு முடித்தபின் வந்த சட்டம், உடையார்பாளையம் தாலுகாவில் அணிலும் காடையும் அடித்தவரையும் அவர்களையும் ஒரே தராசில் நிறுத்தியது.

1965ல் லோகூர் கமிட்டி இவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்றது. 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. 57 வருஷம். வேட்டை பிழைப்பாக இருந்தபோது பழங்குடி இல்லை, வேட்டை போனபின் பழங்குடி.

மேற்கே சில மைல் போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் வெட்டிய ஏரியின் கரை இன்றும் கிடக்கிறது. 1836ல் அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டியபோது அந்தக் கோயில் மதில் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள் என்று நம்மவர்கள் இன்னும் வருத்தப்படுகிறோம். நியாயமான வருத்தம். அந்தக் கல் எங்கே போனது என்று கேட்கும் சரித்திரக்காரர்களில், ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

2024 மார்ச்சில் தேர்தல் அறிவித்ததும் வழக்கம்போல் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்க உத்தரவு வந்தது. அவரும் ஒப்படைத்தார். ஜூனில் தேர்தல் முடிந்து, ஜூலையும் பாதி போனபின் ஒரு மாலை கிளையை மூடும் நேரத்துக்கு வந்து, திருப்பிக் கேட்டு மனு எழுதித் தர முடியுமா என்றார். எங்கள் காசாளர் அவரை 'நீ' என்பார், நான் 'நீங்க' என்பேன். அது அவருக்குக் கொஞ்சம் கூச்சம். மனுவுக்கு நான்தான் சரி என்று அவர் நினைக்க அது காரணமாக இருக்கலாம்.

உரிமப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். நோக்கம் என்ற இடத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்றிருந்தது.

"உங்களுக்கு நெலம் இருக்கா?"

"நெலமா? எங்கப்பனுக்கே இல்ல சாமி."

"அப்ப யார் பயிர்?"

"அது ஒங்க ஆளுங்க பயிரு" என்றார்.

மனுவை எழுதினேன். 'பயிர்ப் பாதுகாப்பிற்காக உரிமம் பெற்று வைத்துள்ள மேற்படி துப்பாக்கியை' என்று எழுதும்போது பேனா தயங்கியது. வேட்டைக்காரர் என்று எழுதினால் துப்பாக்கி வராது. கட்டுரையில் அவரைக் குறிஞ்சி நிலத்துக்கு அனுப்பினேன், மனுவில் இல்லாத வயலுக்குக் காவல் போட்டேன். இரண்டாவது பொய்யால் அவருக்கு ஒரு பிரயோஜனமாவது இருந்தது.

துப்பாக்கி ஆடி மாசத்தில் திரும்பி வந்தது. குழலுக்குள் துரு. மழைச் சாரல் பட்டோ என்னவோ கட்டை லேசாக முறுக்கியிருந்தது. துருவை எண்ணெய்த் துணி விட்டுத் தேய்த்து எடுத்துவிட்டாராம். ஆனால் எங்கே அடிக்கிறது என்று இனிப் புதிதாகத்தான் பார்க்க வேண்டும். "பெரிசா தாளு இருக்குமா சாமி?" என்றார். வங்கியில் மிஞ்சிக் கிடந்த 2023ஆம் வருஷத்து மாதக் காலண்டர்கள் இருந்தன. நாலு தாளைப் பசை போட்டு ஒட்டி, பின்புற வெள்ளையில் கயிறும் பென்சிலும் வைத்து 30 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டேன். நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் கரி. வட்டம் எதற்கு என்று கேட்டார். கிரீனரைப் பற்றிச் சொன்னேன். "வெள்ளக்காரனும் எண்ணிப் பாத்தானா" என்று ஆச்சரியப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வறண்டு கிடந்த ஒரு குட்டைக்குள், கரையை முதுகாக வைத்துத் தாளை இரண்டு மூங்கிலில் கட்டினோம். 40 கஜம் வேண்டாம் என்றார். ஒரு நல்ல பனைமரத்தின் உயரத்தைத் தரையில் படுக்கப் போட்டு, அதன்மேல் கொஞ்சம் கூட்டினால் எவ்வளவோ அதுதான் அவருக்குத் தூரம். காலடியால் அளந்தேன், ஏறக்குறைய 30 கஜம் வந்தது. அணில் அதற்குமேல் ஏற மரம் கிடையாது. இங்கிலாந்துக்காரன் பறக்கும் பறவைக்கு 40 கஜம் வைத்தான். இவருடைய அளவு இவருடைய மரத்திலிருந்து வந்தது. ரவையை எப்போதும் மருந்துப்புட்டி மூடியால் அளந்து போடுகிறவர், என் நச்சரிப்புக்காக எண்ணினார். 120.

சுட்டார். புகை கலைய வெகுநேரம் ஆயிற்று. கரிமருந்தின் நாற்றத்தில் எனக்குத் தீபாவளியும் சாவு ஊர்வலமும் சேர்ந்து ஞாபகம் வந்தன.

வட்டத்துக்குள் 71 ஓட்டை. நூற்றுக்கு 59. துருப்பிடித்துத் தேய்த்த சோக் இல்லாத குழலுக்கு 30 கஜத்தில் அது மோசமில்லை. ஆனால் ஓட்டைகளின் கூட்டம் கரிப்பொட்டைச் சுற்றி இல்லை. ஒரு சாண் இடதுபுறம், கொஞ்சம் மேலே. மறுபடி இரண்டு தடவை சுட்டார், அதே இடம்தான். கை நடுங்கினால் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்துக்குப் போயிருக்கும், ஒரே இடத்துக்குப் போவதால் கட்டைதான் காரணம் என்றார். நான் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

பிறகு கணக்குப் போட்டேன். வங்கிப் புத்தி. 30 அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 700 சதுர அங்குலம். 71 ரவை. பத்து சதுர அங்குலத்துக்கு ஒன்று. வாலை விட்டுவிட்டால் நம் அணிலின் உடம்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். ஆக ஓர் அணிலுக்குச் சராசரி ஒரு ரவை. அவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தாளின் அருகே போய் உள்ளங்கையைக் குவித்து ஓர் இடத்தில் வைத்தார். கைக்கு அடியில் ஓட்டையே இல்லை. "இங்க இருந்தா பொழச்சுப்போச்சு." இன்னோர் இடத்தில் வைத்தார், நாலு ஓட்டை. "இங்க இருந்தா கறி ஆகாது, ரவைதான் இருக்கும்." வட்டம் முழுக்க இப்படிக் கையை வைத்துக்கொண்டே போனார். அப்படி எட்டுப் பத்து வெற்றிடம் இருந்தது. "அப்பாரு இப்பிடித்தான் கைய வெச்சு வெச்சுப் பாப்பாரு" என்றார்.

அணில் அடிக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், இப்போது ஊசிமணி வியாபாரம்தான், தேர்தலுக்குத் தேர்தல் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் துப்பாக்கி. பிறகு எதற்கு இவ்வளவு சிரமப்பட்டுக் குறி பார்க்க வேண்டும் என்றேன். அந்தக் கேள்வி அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை கேட்டதும், "கையில இருக்குல்ல சாமி" என்றார்.

கன்னம் பதியும் இடத்தில் வலதுபுறம் ஒரு துண்டுச் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி இன்னொரு தடவை சுட்டார். கூட்டம் நாலு விரற்கடை நகர்ந்து வந்தது. மருந்து தீர்ந்துவிட்டது, மீதியை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தாளை அவிழ்த்தார். அதை நான் கேட்க வாயெடுப்பதற்குள் கவனமாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மகள் ஏழாவது படிக்கிறாள். நோட்டுகளுக்கு அட்டை போடலாம், தாள் நல்ல கனம், படம் இருக்கும் பக்கம் வெளியே வந்தால் ஓட்டை அவ்வளவாகத் தெரியாது என்றார்.